காட்டுக் கோதுமை கிராஸ்ல புரோட்டீன் ஏறுது, ஆனா சப்பாத்தி வரமாட்டேங்குது... எங்க தப்பு?

பனிவயல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்எஸ்சி பயிர் இனப்பெருக்கம் ரெண்டாவது வருஷம், பஞ்சாப்ல படிக்கிறேன். சொந்த ஊர் திருவாரூர் பக்கம், அதனால இங்க வர்ற வரைக்கும் நெல்லத் தவிர வேற பயிர பக்கத்துல நின்னு பாத்ததே இல்ல. இப்போ ரெண்டு சீசனா கோதுமையோடயேதான் இருக்கேன், ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

என் தீசிஸ் இதுதான். சிந்தெடிக் கோதுமைய, அதாவது டியூரம்ங்கிற பாஸ்தா கோதுமையையும் ஏஜிலாப்ஸ் டவுஷிங்கிற காட்டுப் புல்லையும் சேத்து உருவாக்கினத, நல்லா வெளையுற நம்ம ரகத்தோட கிராஸ் பண்ணி, வந்தத திரும்பவும் இன்னொரு நல்ல ரகத்தோட கிராஸ் பண்ணின லைனுங்க. மொத்தம் 40 லைன். மணியோட தரம் ஏறுதான்னு பாக்கணும். ஏப்ரல்ல அறுவடை முடிஞ்சு என்ஐஆர் மெஷின்ல (மணி மேல ஒளிய விட்டு புரோட்டீன அளக்குறது) வச்சுப் பாத்தா செக் ரகம், அதாவது ஒப்பிட்டுப் பாக்க நட்ட ரகம், 11.8 சதவீதம் புரோட்டீன், என் லைனுங்கள்ல நெறைய 14, 15, ஒண்ணு 15.5 வரைக்கும் போகுது. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்ளோ சந்தோஷம்.

அப்புறம் அந்த 15.5 லைன்ல ஒரு கிலோ அரைச்சு ஹாஸ்டல் மெஸ் அக்காகிட்ட குடுத்து சப்பாத்தி போடச் சொன்னேன். மாவு தண்ணியே இழுக்கலன்னு சொன்னாங்க, தேய்க்கும்போது ஓரம் வெடிக்குது, சுட்டு எடுத்து அரை மணி நேரத்துல அப்பளம் மாதிரி ஆயிடுச்சு, போதாததுக்கு பெசஞ்ச மாவு கொஞ்ச நேரத்துலயே கறுத்துப் போச்சு. செக் ரகத்துல அதே அக்கா அதே கல்லுல போட்டது சாயங்காலம் வரைக்கும் மெத்துன்னு இருந்துச்சு.

மணியும் சின்னதாதான் இருக்கு. ஆயிரம் மணி எடை செக் 41 கிராம், என்னோடது 31 கிராம். பூக்குறதும் ஒரு வாரம் பத்து நாள் லேட்.

என் கேள்வி என்னன்னா, காட்டுச் சொந்தத்துலேர்ந்து ஜீன் கொண்டு வந்து தரத்த ஏத்தலாம்னு படிக்கிறோமே, அது நெஜமாவே நடக்குதா இல்ல பேப்பரோட நின்னுடுதா? என் லைனுங்கள்ல நான் எதப் பாக்கத் தவறிட்டேன்? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க, தீசிஸ் எழுத இன்னும் நாலு மாசம் இருக்கு.

---

கதிர்மணி:

தம்பி, நானும் கோதுமை பிரீடிங்லதான் பதினாலு வருஷமா இருக்கேன், நீ எழுதுனதப் படிச்சதும் என்னோட மொத வருஷம் ஞாபகம் வந்துச்சு. மொதல்ல ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாரு, மத்தது எல்லாம் அப்புறம்.

உன் லைன்ல ஒரு மணி 31 மில்லிகிராம், அதுல 15.5 சதவீதம் புரோட்டீன்னா ஒரு மணிக்கு 4.8 மில்லிகிராம். செக் ரகம் ஒரு மணி 41 மில்லிகிராம், 11.8 சதவீதம், அதுவும் 4.8தான். புரோட்டீன் ஏறவே இல்லப்பா. ஸ்டார்ச்சு கொறஞ்சிருக்கு. மணிக்குள்ள மாவுச்சத்து ரொம்பறதுக்கு முன்னாடி மார்ச் கடைசி வெயில் வந்து அடிச்சிருச்சு, புரோட்டீன் பெரும்பாலும் இலையிலேர்ந்து வர்றது, அது வந்து சேந்துருச்சு, ஸ்டார்ச்சு வந்து சேரல. நம்ம ஊர்ல பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி இல்லாம நெல்லு அரைச்சாவியாப் போகும்ல, அதோட கோதுமை வடிவம்தான் இது. பத்து நாள் லேட்டா பூக்குதுன்னு நீயே சொல்றே, காரணம் அங்கயே இருக்கு.

இந்தத் தப்ப பெரிய பெரிய ஆளுங்களும் பண்ணிருக்காங்க, அதனால மனசு விடாத. 40 லைனுக்கும் சதவீதத்த தூக்கி ஓரமா வச்சுட்டு மணிக்கு எவ்ளோ, ஏக்கருக்கு எவ்ளோன்னு போடு. பூத்த தேதியையும் பக்கத்துல எழுது. செக்கோட ஒட்டி பூத்து, மணி எடை 38க்கு மேல நின்னு, அப்பவும் புரோட்டீன் 13 தாண்டுனா அதுதான் நெஜமான சரக்கு.

இப்போ உன் பெரிய கேள்விக்கு வர்றேன். நடக்குதா நடக்கலையான்னா, நடந்துருக்கு, ஆனா ஒவ்வொண்ணுக்கும் இருபது முப்பது வருஷம் ஆயிருக்கு. மணியில புரோட்டீன ஏத்துற ஜிபிசி-பி1ங்கிற ஜீனோட கதைய கொஞ்சம் சாவகாசமா சொல்றேன், ஏன்னா இதுல உனக்கு வேண்டிய எல்லாமே இருக்கு. 1906ல ஆரன் ஆரன்சோன்னு ஒரு வேளாண் விஞ்ஞானி இன்னைக்கு இஸ்ரேல்ல இருக்குற ரோஷ் பின்னாங்கிற இடத்துல பாறை இடுக்குல காட்டு எம்மர் கோதுமைய, அதாவது பழைய எம்மர் கோதுமையோட காட்டு மூதாதைய, கண்டுபிடிக்கிறார். அதுக்கப்புறம் பல வருஷம் கழிச்சு அந்த நாட்டுல சேகரிச்ச காட்டு எம்மர்கள்ல எஃப்ஏ15-3ன்னு ஒண்ணுல புரோட்டீன் அதிகமா இருக்குன்னு தெரிய வருது. அமெரிக்காவுல வடக்கு டகோட்டால ஜோப்பாவும் கான்ட்ரெலும் அந்தக் காட்டு எம்மரோட குரோமோசோம்கள ஒவ்வொண்ணா எடுத்து லாங்டன்ங்கிற டியூரம் ரகத்துல மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாங்க, எந்தக் குரோமோசோம் புரோட்டீன ஏத்துதுன்னு பாக்க. 6பிங்கிற குரோமோசோம்தான் ஏத்துச்சு. அங்கேர்ந்து கலிஃபோர்னியா டேவிஸ்ல டுப்கோவ்ஸ்கி குழு அந்தத் துண்ட சின்னதாக்கிச் சின்னதாக்கி 2006ல ஜீனையே பிரிச்சு எடுத்தாங்க, உவாய் மொதல் பேரா வந்த சயன்ஸ் பேப்பர், கட்டாயம் படி.

அதுல என்ன அழகுன்னா அது புரோட்டீன் செய்யுற ஜீனே இல்ல. இலை முதுமையாகுறத சீக்கிரம் தொடங்கி வைக்கிற ஜீன். இலையில இருக்குற நைட்ரஜன், சிங்க், அயர்ன் எல்லாத்தையும் கறந்து மணிக்கு அனுப்புது. அந்த வகை ஜீன்கள ஒட்டுமொத்தமா அமுக்கிப் பாத்தப்போ இலை மூணு வாரத்துக்கு மேல பச்சையாவே நின்னுச்சு, மணியில புரோட்டீன் சிங்க் அயர்ன் மூணும் 30 சதவீதத்துக்கு மேல விழுந்துருச்சு. நாம சாப்பிடுற ரகங்கள்ல இந்த ஜீன் பெரும்பாலும் இல்ல இல்லன்னா ஒடஞ்சு போய் கெடக்கு, டிஎன்ஏல ஒரே ஒரு எழுத்து கூடுதலா நுழைஞ்சு கெட்டுப் போனது. இதுல இன்னொரு விஷயம், 1862ல லண்டன் கண்காட்சிக்கு வந்த பழைய கோதுமை விதைகள பத்திரமா வச்சிருந்தாங்க, அதுலேர்ந்து டிஎன்ஏ எடுத்துப் பாத்தப்போ சில கோதுமைல ஒடையாத ஜீன் இருந்துச்சு. படிச்சப்போ எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துருச்சு.

ஆனா பாரு, இலை சீக்கிரம் காய்ஞ்சா மணி ரொம்பறதுக்கு நாள் கொறையும். வெயில் முந்துற ஊர்ல சில ரகத்துல இத வச்சா மணி எடை கொறையுது. இன்னொரு ரகத்துல வச்சா ஒண்ணும் ஆகறதில்ல. அதனால எதுக்குள்ள போய் உக்காருதுங்கிறது ஜீன் அளவுக்கே முக்கியம். கூடவே ஒரு நல்ல செய்தி, மஞ்சள் துருங்கிற பூஞ்சை நோய்க்கு எதிர்ப்பு குடுக்குற ஒய்ஆர்36ங்கிற ஜீன் அதே துண்டுல ஒட்டிக்கிட்டே வருது. காட்டுலேர்ந்து வர்ற எல்லாமே கெட்டது இல்ல.

---

மாவுலேப்:

கதிர்மணி அக்கா சொன்னது சரிங்க, நான் மில் பக்கத்துலேர்ந்து சொல்றேனுங்க. ரோலர் ஃப்ளவர் மில்லுல குவாலிட்டி லேப், பன்னெண்டு வருஷம். எங்களுக்கு லாரி வந்து நின்னா மொதல்ல ஈரப்பதம், அப்புறம் புரோட்டீன், ஆனா அந்த நம்பர மட்டும் வச்சு வாங்குனா மாட்டிக்குவோமுங்க.

புரோட்டீன் எவ்ளோங்கிறது ஒண்ணு, என்ன புரோட்டீன்ங்கிறது இன்னொண்ணு. மாவப் பெசஞ்சா இழுவை வர்றது குளூட்டன்னால, அதுல குளூட்டெனின் பலம் குடுக்கும், கிளையடின் நீட்டம் குடுக்கும். பெரிய குளூட்டெனின்ல டி ஜீனோம்லேர்ந்து (கோதுமைல ஏ, பி, டின்னு மூணு குரோமோசோம் தொகுப்பு இருக்கு, டி காட்டுப் புல்லு வழியா வந்தது) வர்ற சோடி ஒண்ணு இருக்கு, 5+10ன்னு சொல்வாங்க, அது இருந்தா ரொட்டிக்கு நல்லா உப்பும். 2+12 இருந்தா பலம் கம்மி. 1980கள்ல கேம்பிரிட்ஜ்ல பெய்ன்னு ஒருத்தர் இதுக்கெல்லாம் மார்க் போட்டு பத்துக்கு எவ்ளோன்னு ஒரு முறை கொண்டு வந்தார், உலகம் பூரா அதுதான் ஓடுது. ஆனா அது பிரெட்டுக்கான மார்க்குங்க. நம்மாளு சப்பாத்திக்குத் தங்கம்னு சொல்ற சி 306, 1965ல வந்த ரகம், மத்தியப் பிரதேசத்துல சர்பத்தின்னு பேர் வச்சு இன்னைக்கும் வெல கூடுதலா விக்குறாங்க, அதுல 2+12தான் இருக்கு. ஏன்னா சப்பாத்திக்கு ரொம்பப் பலம் ஆகாது, தேய்க்கத் தேய்க்க ரப்பர் மாதிரி உள்ள இழுத்துக்கும். அதனால தம்பி மொதல்ல முடிவு பண்ணுங்க, பிரெட்டுக்கா சப்பாத்திக்கா பிஸ்கட்டுக்கா. தரம்னு பொதுவா ஒண்ணு கெடையாதுங்க.

அடுத்தது உங்க மாவு தண்ணி இழுக்கலன்னு சொன்னீங்க பாத்தீங்களா, அத நான் கெட்டியாப் புடிச்சுக்குவேன். கோதுமை மணி கடினமா மெதுவாங்கிறத முடிவு பண்றது பியூரோஇண்டோலின்னு ரெண்டு ஜீன், டி ஜீனோம்ல 5டியில இருக்கு. நம்ம சப்பாத்தி ரகம் எல்லாத்துலயும் அதுல ஏதாவது ஒண்ணு கெட்டுப் போயிருக்கும், அதனாலதான் மணி கடினம். கடினமா இருந்தா அரைக்கும்போது ஸ்டார்ச்சு நொறுங்கும், நொறுங்குன ஸ்டார்ச்சுதான் தண்ணிய இழுத்துப் புடிக்கும், சப்பாத்தி மெத்துன்னு நிக்கும். உங்க காட்டுப் புல்லு டவுஷில அந்த ரெண்டு ஜீனும் நல்லா வேல செய்யுது, அது வழியா வந்த லைன்ல மணி மெதுவாகிப் போகும். மெது மணி மாவு தண்ணி கம்மியா குடிக்கும், சப்பாத்தி சீக்கிரம் வரண்டுரும். பிஸ்கட்டுக்கு அது வரம், உங்களுக்கு அது எடஞ்சல். கடினத்தன்மை பாக்குற மெஷின் உங்க டிபார்ட்மெண்ட்ல இருக்கும், இல்லன்னா மார்க்கர் வச்சு 40 லைனையும் ரெண்டு நாள்ல பிரிச்சுரலாம்.

கறுத்துப் போனது பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ். ஆப்பிள நறுக்கி வச்சா கறுக்குறதும் இதே சங்கதிதான். அதுக்கு ஒரு சுலப டெஸ்ட், முழு மணிய ஃபீனால் கரைசல்ல ஊற வச்சா அது அதிகமா இருக்குற மணி கறுப்பாகும், இல்லாதது வெளுப்பாவே நிக்கும். கையுறை போட்டுக்கிட்டு ஃப்யூம் ஹூட்ல செய்யுங்க, தோல்ல பட்டா புண்ணாக்கிரும்.

ஒடனே அரைச்ச மாவுல டெஸ்ட் பண்ணாதீங்க, ரெண்டு மூணு நாள் ஆற விடுங்க. செக்கும் லைனும் ஒரே சக்கில, ஒரே சூட்டுல அரைக்கணும். மெஸ் அக்காவுக்கு எது எந்த மாவுன்னு சொல்லவே கூடாது.

---

சம்பாரவை:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் படிச்சது வணிகவியல், ஆனா வீட்ல சம்பா கோதுமை ரவைதான் வாங்குறோம், அப்பாவுக்கு சுகர். கடைல கேட்டா இது பழைய ரகம்னு சொல்றாங்க. நீங்க சொல்ற எம்மர் இதுதானா, இல்ல வேறயா? ரெண்டாவது, காட்டுக் கோதுமைல ஜீன் எடுக்கிறதுன்னா மரபணு மாத்தின கோதுமையா? அப்படின்னா வாங்க பயமா இருக்கு.

---

குன்னூர்க்காரன்:

சம்பாரவை அம்மா, ஆமா, நம்ம ஊர்ல சம்பா கோதுமைன்னு சொல்றது எம்மர்தான், டைகாக்கம். கர்நாடகா மகாராஷ்டிராவுல கப்ளின்னு சொல்வாங்க. மணி நீளமா செவப்பா இருக்கும், கதிரடிச்சாலும் உமி விடாது, தனியா குத்தித்தான் எடுக்கணும். காட்டு எம்மர்லேர்ந்து மனுஷன் பழக்கி எடுத்த மொதல் கோதுமைகள்ல ஒண்ணு. கடையில சம்பா ரவைன்னு எழுதி வேற கோதுமைய ஒடச்சு விக்குறவங்களும் உண்டு, அதனால தெரிஞ்ச எடத்துல வாங்குங்க. அப்பாவுக்கு எவ்ளோ குடுக்கலாம்னு டாக்டர்ட்ட கேட்டுருங்க, எந்தக் கோதுமையும் மாவுச்சத்துதான்.

ரெண்டாவதுக்கு, இங்க இவங்க பேசுறது கிராஸ் பண்றது, மகரந்தத்த எடுத்து இன்னொரு கதிர்ல தடவுறது. கோதுமையே அப்படித்தான் உருவாச்சு. எட்டாயிரம் பத்தாயிரம் வருஷம் முன்னாடி காஸ்பியன் கடலுக்குத் தெக்கால எவனோ ஒரு விவசாயி வயல்ல எம்மர் மாதிரி கோதுமையும் ஓரத்துல மொளச்ச காட்டுப் புல்லும் தானாச் சேந்துச்சு, அதுலேர்ந்து வந்ததுதான் இன்னைக்கு உலகமே சாப்பிடுற கோதுமை.

தம்பி பனிவயலுக்கும் ஒண்ணு சொல்லணும். கோதுமைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு நெனைக்காத. எங்க மலையில வெலிங்டன்ல 1954லேர்ந்து ஐஏஆர்ஐங்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தோட கோதுமை நெலையம் இருக்கு. ஏன் இங்க வச்சாங்கன்னா, கே.சி. மேத்தான்னு ஒரு பெரிய விஞ்ஞானி இந்தியாவுல துரு நோய் எப்படி வருஷா வருஷம் வருதுன்னு தேடிக்கிட்டே அலைஞ்சவர். சமவெளில கோடை வெயில்ல துரு செத்துப் போகுது, அப்புறம் எங்கேர்ந்து வருது? மலையில ஒளிஞ்சு கெடக்கு. நீலகிரிலயும் பழனி மலையிலயும் குளிர் இருக்குறதால வருஷம் முழுக்க கோதுமை மேலயே உசுரோட இருந்து, காத்துல வடக்கப் போகுது. அதனால துருவ எதிர்க்குற ரகத்த சோதிக்க இதவிட நல்ல எடம் கெடையாது, எல்லா நாளும் நோய் இருக்கும். வடக்க அறுவடை முடிஞ்சதும் விதைய இங்க அனுப்பி கோடையில ஒரு தலைமுறை கூட எடுத்துருவாங்க, வருஷத்துக்கு ரெண்டு.

காட்டுச் சொந்தத்துலேர்ந்து வந்த துரு எதிர்ப்பு ஜீன்கள நம்ம ரகங்களுக்குள்ள பேக்கிராஸ் பண்ணி, அதாவது நல்ல ரகத்தோடயே திரும்பத் திரும்ப கிராஸ் பண்ணி, ஏத்துன வேலை இங்க நெறைய நடந்துச்சு. டைகாக்கத்துல குட்டையான ஹெச்டபிள்யூ 1098ங்கிற ரகமும் இங்கேர்ந்து வந்ததுதான், நீலகிரி கப்ளின்னு சொல்றோம். எங்க பாட்டி காலத்துல ஆளுசரம் வளர்ந்து மழைக்கு சாஞ்சு போகும், பாதி மண்ணுல மொளச்சுரும், பாட்டி அத எடுத்து ஒதறி ஒதறி காய வைப்பாங்க. குட்டை ரகம் வந்து நிக்கிறத மொத தடவ பாத்தப்போ எங்க அப்பா வரப்புல அப்படியே உக்காந்துட்டார்.

---

பனிவயல்:

எல்லாருக்கும் எவ்ளோ நன்றி சொல்றதுன்னு தெரியல. கதிர்மணி அக்கா, அந்தக் கணக்க ராத்திரியே 40க்கும் போட்டேன். பாதிக்கு மேல காணாமப் போச்சு, நெஞ்சு கனமாத்தான் இருந்துச்சு. ஆனா ஆறு லைன் நிக்குது அக்கா, செக் பூத்து மூணு நாளுக்குள்ள பூத்தது, மணி எடை 38லேர்ந்து 42, புரோட்டீன் 13லேர்ந்து 13.6. நான் 15.5அ பாத்துக்கிட்டே இந்த ஆறையும் கண்டுக்கவே இல்ல.

மாவுலேப் அண்ணா, அந்த 15.5 லைன கடினத்தன்மை மெஷின்ல வச்சேன், நீங்க சொன்ன மாதிரியே மெதுவா வருது. ஆறுல நாலு கடினம், ரெண்டு மெது. குன்னூர் ஐயா, நீங்க சொன்னத என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். இதே லைனுங்கள்ல சிங்க் அயர்னும் பாக்கச் சொல்லிருக்காங்க, அதுலயும் இதே மாதிரி ஏமாறுவேனா? அப்புறம் சிந்தெடிக் வழியா போகாம நேரா காட்டுப் புல்லோட கோதுமைய கிராஸ் பண்ணா என்ன?

---

கதிர்மணி:

ஆறு லைன் நின்னதே பெரிய விஷயம். எனக்கு மொத வருஷம் ரெண்டுதான் தேறுச்சு.

சிங்க்லயும் அதே பொறிதான், சுருங்கின மணில பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கிறது, ஏறித்தான் இருக்கும். அதோட வயல்ல ஒரு மூலையில மண்ணுல சிங்க் கூட இருந்தா அந்த மூலையில நட்ட லைன் எல்லாம் நல்ல லைனாத் தெரியும், அதனால செக்க நடு நடுவுல திரும்பத் திரும்ப போட்டுருக்கணும். அயர்ன் இன்னும் மோசம், கதிரடிக்கிற மெஷினோட இரும்புத் தூசியும் மண்ணும் ஒட்டினாலே நம்பர் எகிறும், கையால அடிச்சு எடு. சாம்பிள்ல அலுமினியமும் சேத்துப் பாக்கச் சொல்லு, மண்ணுல அலுமினியம் கொட்டிக் கெடக்கு மணிக்குள்ள கம்மி, அதனால அலுமினியம் கூட வந்தா மண்ணு ஒட்டிருக்குன்னு அர்த்தம், அந்த அயர்ன் நம்பர தூக்கிப் போட்டுரு.

சிங்க்தான் காட்டுச் சொந்தத்தால சாதாரண ஜனங்களுக்குப் போய்ச் சேந்த மொத தரம்னு நான் நெனைக்கிறேன். மெக்சிகோவுல சிமிட்ங்கிற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையத்துல சிந்தெடிக், டைகாக்கம், ஸ்பெல்ட்ங்கிற பழைய கோதுமை, நாட்டு ரகங்க இதையெல்லாம் நல்ல ரகத்தோட கிராஸ் பண்ணி பல வருஷம் எடுத்துத் தேத்துனாங்க, அந்த வழியிலதான் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ்ல சிங்க் ரகங்க வந்துச்சு. நம்ம நாட்டுல 2017ல வெளியிட்ட டபிள்யூபி 02ல சிங்க் 42 பிபிஎம், சாதாரண ரகத்துல 32 வாக்குல. வெளைச்சல விட்டுக்குடுக்காம அது வந்துச்சு, அதனாலதான் விவசாயி போட்டான். சத்துக்குன்னு யாரும் விதை மாத்த மாட்டாங்க தம்பி, மூட்டை கொறையக் கூடாது. இந்தச் சிங்க் பெரும்பாலும் தவிட்டு ஓரத்துலயும் முளையிலயும் இருக்கு, ஆட்டாவா சாப்பிட்டா கெடைக்கும், மைதாவாக்கினா பெரும்பகுதி போயிரும்.

சிங்க் ஏன் கொறஞ்சுச்சுன்னும் தெரிஞ்சுக்க. இங்கிலாந்துல ராதம்ஸ்டெட்ல 1843லேர்ந்து ஒரே வயல்ல கோதுமை போட்டு ஒவ்வொரு வருஷ மணியையும் எடுத்து வச்சிருக்காங்க. அதையெல்லாம் அளந்து பாத்தா நூத்தி இருபது வருஷம் சிங்க் அயர்ன் பெருசா மாறல, 1960கள் நடுவுலேர்ந்து எறங்குது, குட்டை ரகம் வந்த நேரம். மண்ணுல கொறையல. மணி கூட வந்துச்சு, சத்து அதே அளவுதான், பரவிப் போச்சு. பசுமைப் புரட்சிய நான் கொறை சொல்லல, பசிய தீர்த்தது அதுதான், ஆனா இந்தக் கடன அடைக்க வேண்டியது நம்ம தலைமுறை.

நேரா கிராஸ் பண்றது. டவுஷியோட நேரா பண்ணலாம், எம்பிரியோ ரெஸ்க்யூ, அதாவது கருவ எடுத்து லேப்ல வளக்குறது, பண்ணி பேக்கிராஸ் போடணும், அதுல கோதுமையோட ஏ, பி ஜீனோம் அப்படியே நிக்கும், டி மட்டும் மாறும். சிந்தெடிக் வழியில டியூரத்தோட 28 குரோமோசோம்ல பாதியான 14ம் டவுஷியோட 14ல பாதியான 7ம் சேந்து 21 வரும், மலடு, கால்ச்சிசின்ங்கிற மருந்து ஊத்தி 42 ஆக்குறோம், அதனால டியூரத்தோட ஏ, பி புதுசும் கூட வருது. நல்லதும் வரும், விடாத உமியும் வரும். தூரத்துச் சொந்தம்னா, ரைங்கிற தானியம், அக்ரோபைரான்ங்கிற புல்லு மாதிரி, இன்னும் கஷ்டம். கோதுமைல பிஹெச்1ன்னு ஒண்ணு 5பியில உக்காந்துக்கிட்டு சொந்த சோடியத் தவிர வேற குரோமோசோமோட சேர விடாது, 1958லயே கண்டுபிடிச்சாங்க. அத எடுத்துட்டா காட்டுத் துண்ட சின்னதா வெட்ட முடியும். வெட்டாம பெருசா கொண்டு வந்தா என்ன ஆகும்னு மாவுலேப் தம்பிக்கு நல்லாத் தெரியும்.

---

மாவுலேப்:

தெரியுமுங்க, கை வலிக்க வலிக்கத் தெரியும். ரை குரோமோசோம் துண்டு, 1பி/1ஆர்ன்னு சொல்றது, கவ்காஸ்ங்கிற ரகம் வழியா வந்து வீரிங்கிற லைனுங்கள்ல பரவி நம்ம பிபிடபிள்யூ 343 ரகம் வரைக்கும் வந்துச்சு. துரு எதிர்ப்பு நாலஞ்சு ஒரே துண்டுல, வெளைச்சலும் நல்லா வந்துச்சு, விவசாயிக்குக் கொண்டாட்டம். ஆனா அந்த எடத்துல இருந்த கோதுமையோட குளூட்டெனின் போயி ரையோட செகாலின்ங்கிற புரோட்டீன் உக்காந்துருச்சு, பெசஞ்ச மாவு பசை மாதிரி ஒட்டும். அந்த லோடு வந்த அன்னைக்கு பேக்கரிக்காரங்க போன் நிக்கவே நிக்காது. அந்த எதிர்ப்புலயும் முக்கியமான எஸ்ஆர்31ங்கிற ஜீன உகாண்டாவுல 1990கள் கடைசில கண்டுபிடிச்ச யூஜி99 தண்டுத் துரு முறிச்சுருச்சு.

எல்ஆர்19 இன்னொண்ணு. அக்ரோபைரான்லேர்ந்து வந்தது, இலைத் துருவுக்கு ரொம்ப நல்ல ஜீன், ஆனா கூடவே மஞ்சள் நெறம் ஒட்டிக்கிட்டு வந்து மாவெல்லாம் மஞ்சளாச்சு. பாஸ்தாவுக்கு மஞ்சள் வேணும், பிரெட்டுக்கு யாரும் வாங்கல. கனடாவுல நாட் அவர்கள் 1980 வாக்குல அந்த நெறத்த மட்டும் மியூட்டேஷன்ல ஒடச்சுக் காமிச்சார், அதுக்கப்புறம்தான் அத தைரியமா தொட்டாங்க. அதனால தம்பி உங்க ஆறு லைனோட மாவு நெறத்தையும் எழுதி வைங்க, யாரும் கேக்கலன்னாலும்.

இன்னொண்ணு, அந்த மெது ரெண்டு லைன தூக்கிப் போடாதீங்க. புரோட்டீன் கம்மியா வர்ற எடத்துல அதே மெது மணி பிஸ்கட் மாவுக்கு ஆகும், நம்ம நாட்டுல அதுக்குன்னு நல்ல கோதுமை தேடி அலையிறோமுங்க.

---

குன்னூர்க்காரன்:

ஒண்ணு விட்டுப் போச்சு. காட்டுக்குத்தான் போகணும்னு இல்ல தம்பி, பழைய நாட்டு ரகங்கள்லயே நெறைய கெடக்கு. வாட்கின்ஸ்னு ஒரு ஆங்கிலேயர் 1920கள் 30கள்ல ஊர் ஊரா இருந்த தூதரக ஆளுங்களுக்குக் கடிதம் எழுதி சந்தையில விக்குற கோதுமைய அனுப்பச் சொல்லி வாங்கி வச்சார். 32 நாட்டுலேர்ந்து 827 ரகம் இன்னும் உசுரோட இங்கிலாந்துல ஜான் இன்ஸ் சென்டர்ல இருக்கு, இந்தியாவோடதும் அதுல இருக்கு. 2024ல மொத்தத்தோட டிஎன்ஏவையும் சீனாக்காரங்களோட சேந்து படிச்சுப் பாத்தா, அந்தப் பழைய ரகங்கள்ல இருக்குற வேறுபாட்டுல கிட்டத்தட்ட 60 சதவீதம் இன்னைக்கு ரகங்கள்ல இல்லவே இல்லன்னு தெரிஞ்சுச்சு. நாட்டு ரகத்தோட கிராஸ் பண்ணா உமி பிரச்சனையும் மெது மணி பிரச்சனையும் இவ்ளோ வராது.

சம்பா கோதுமையையும் மறந்துறாத. ஆனா அது 28 குரோமோசோம், நம்ம கோதுமை 42, ரெண்டும் சேந்தா 35 வரும், பாதி மலடா நிக்கும், விதை கம்மியா புடிக்கும், பொறுமை வேணும்.

---

பனிவயல்:

இன்னைக்கு கைட்கிட்ட எல்லாத்தையும் காட்டினேன். கணக்க ஒருதடவ பாத்தாங்க, ரெண்டாவது தடவ அவங்களே போட்டுப் பாத்தாங்க, தீசிஸ்ல மணிக்கு எவ்ளோங்கிற டேபிள மொதல்ல வை, சதவீதத்த அப்புறம் வைன்னு சொன்னாங்க. கடினமான நாலு லைனுக்கும் ஃபீனால் டெஸ்ட் நேத்து முடிஞ்சுது, மூணு வெளுப்பாவே நிக்குது. ஒண்ணு லேசா பழுப்பு. குளூட்டெனின பட்டை பட்டையா பிரிச்சுக் காட்டுற ஜெல் ஓட்டினதுல ரெண்டுல 5+10 இல்லாம 1.5+10 மாதிரி ஒரு பட்டை தெரியுது, அது டவுஷிலேர்ந்து வந்ததாத்தான் இருக்கும், உறுதி பண்ண திரும்ப ஓட்டணும்.

மாவு அரைச்சு வச்சிருக்கேன், வியாழக்கிழமை மூணு நாள் ஆகுது. மெஸ் அக்காகிட்ட அஞ்சு டப்பா, மேல நம்பர் மட்டும்தான் எழுதிக் குடுக்கப் போறேன்.

---

மாவுலேப்:

தண்ணி எவ்ளோ ஊத்துனாங்கன்னு ஒவ்வொரு டப்பாவுக்கும் அளந்து எழுதிக்கோங்க தம்பி. அக்கா கை அளவுல ஊத்துவாங்க, நீங்க பக்கத்துல ஜாடியோட நில்லுங்க.